அஷ்டமி வரை பொறுத்த மகனுக்கு

சேகரு, இதை உன் பெட்டியில் துணிமணிக்கு மேலே வைத்திருக்கிறேன். விமானம் ஏறின பிறகு பிரித்துப் படி. வீட்டில் வைத்துப் படித்தால் என் முகத்துக்கு நேரே சிரிப்பாய், எனக்குக் கோபம் வரும், புறப்படுகிற நேரத்தில் நமக்குள் சண்டை வேண்டாம். நேரில் பேச உட்கார்ந்தால் நான் எதையும் முழுசாகச் சொல்லி முடிப்பதில்லை. பாதியில் அடுப்பில் வைத்தது நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் உன் அப்பா குறுக்கே ஏதாவது சொல்லி என் வாயைக் கிளறுவார். எழுதும்போது யாரும் குறுக்கே பேச முடியாது, அந்த வசதி எனக்குப் பிடித்திருக்கிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை பார்க்காதே. ஆஸ்திரேலியாவில் உன்னைத் தேடிக் கூப்பிட்டு வேலை கொடுத்திருக்கிறார்கள். தாயின் வயிற்றுக்கு வெளியே கருவை ஐந்தாம் நாள் வரை வளர்த்து, அதற்குப் பிறகு கர்ப்பப்பையில் வைக்கிற வேலையை இன்னும் ஆழமாகக் கற்றுக்கொள்ளப் போகிறாய். எனக்குப் பெருமையாக இருக்கிறதடா. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீ கோலாலம்பூரில் அந்த மருத்துவமனை லேப்பில் சேர்ந்த புதிதில் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. மகன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்காத ஆள் நம் தோட்டத்தில் இல்லை. பல்கலைக்கழகம் போய்ப் படித்த பிள்ளை இந்த லயத்துக்கு நீ ஒருத்தன்தான், அதனால் எல்லாரும் உரிமையோடு கேட்டார்கள். லேப்பில் வேலை என்றேன். "ரத்தம் டெஸ்ட் பண்றதா?" என்றார்கள். இல்லை என்றேன். அதற்கு மேல் எனக்கே சொல்லத் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வந்து சொல்லிக் கொடுத்தாய். பிள்ளை தங்காதவர்களுக்கு, பெண்ணின் முட்டையையும் ஆணின் உயிரணுவையும் சின்னத் தட்டில் சேர்த்து, சூடு குறையாத பெட்டியில் வைத்து, அது கருவாக வளர்வதைப் பார்த்துக்கொள்வது உன் வேலை என்றாய். நானும் வெள்ளந்தியாக அதை அப்படியே விடியற்காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டில் பேர் கொடுக்க நின்ற பெண்களிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். "ஆயாக்கா மகன் புள்ளைய தட்டுல வளக்குறானாம்லா" என்று பேச்சு கோலா பிலா பசார் வரைக்கும் போய்விட்டது. மீன்காரர்கூடச் சிரித்தார். நான் விடுவேனா? "ஆமா, என் மகன் புள்ளைய வளக்குறான். ஒங்க மகன் என்னத்த வளக்குறான், தாடிதானே?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எனக்குக் கிடைத்ததெல்லாம் கண் சிவந்த மீன்தான்.

கேலி என்னை அவ்வளவாகச் சுடவில்லை. நானும் அடுத்தவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே வயசானவள்தானே. ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிற பெண்கள் இருட்டோடு இருட்டாகக் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து ஆயாக் கொட்டகையில் என்னிடம் விட்டுப் போவார்கள். நீயும் அங்கே தூளியில் கிடந்தவன்தான். நீ பேசத் தொடங்காத வயசில் நடந்த ஒன்றை உனக்கு நான் சொன்னதே இல்லை. முனியம்மாவின் குழந்தைக்குத் திடீரென்று ஜன்னி கண்டு கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. அதற்குச் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டே முனியம்மாவைக் கூப்பிட்டு வரச் சொன்னேன். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் ஒப்பவில்லை. "பால எடை போட்டு முடியட்டும் ஆயாக்கா, இப்ப சொன்னா வாளியப் போட்டுட்டு ஓடியாந்துருவா" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அங்கேயே ரெண்டு வைத்திருப்பேன். மற்ற குழந்தைகளை அவனையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அந்தக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நானே மரக்காட்டுக்குள் ஓடினேன். முனியம்மா வாளியைப் போட்டுவிட்டுத்தான் வந்தாள், பால் கொட்டித்தான் போனது, எனக்கு வசவும் விழுந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது. பிழைக்காமல் போயிருந்தாலும் நான் செய்தது சரிதான். அவள் பெற்ற பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பது முதலில் அவளுக்குத்தான் தெரிய வேண்டும். நீ போகிற இடத்தில் ஆயிரம் சட்டதிட்டம் இருக்கும். எல்லாவற்றையும் மதி. ஆனால் பிள்ளைக்காகக் காத்திருக்கிறவளிடம் சொல்ல வேண்டியதை மட்டும் எந்தத் துரைக்காகவும் தள்ளிப் போடாதே.

இனி உன் அக்காள் கதைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து அதை நீ பார்த்ததில்லை. வசந்தாவை கெமாஸில் மணியத்துக்குக் கொடுத்தோம். ரயில்வேயில் வேலை, தங்கமான பையன், தாய்க்கு எதிரே மட்டும் வாய் திறக்காது. வருஷங்கள் ஓடின, குழந்தை இல்லை. வேறோர் இடத்தில் இரண்டு முறை இந்தச் சிகிச்சை செய்துகொண்டாள். இரண்டு முறையும் மூன்றாம் நாளே கருவை உள்ளே வைத்தார்கள், இரண்டு முறையும் தங்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் நம் வீட்டுக்கு வந்து, என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்துவிட்டுப் போவாள். பெற்ற வயிறு அதைப் பார்த்துத் தாங்குமா? சம்பந்தியம்மாவும் ஜாடையாகப் பேசத் தொடங்கியிருந்தார்கள். "எங்க மணியத்துக்கும் வயசாவுதுல்ல" என்று ஒரு கல்யாண வீட்டில் என் காதுபடவே யாரிடமோ சொன்னார்கள். இன்னொரு பெண் பார்க்கிற யோசனை என்று அதற்குப் பொருள், எனக்கா புரியாது? அப்போதுதான் வசந்தா சொன்னாள்: "இன்னும் ஒரே ஒரு தடவைம்மா. தம்பி இருக்குற எடத்துல. இதுவும் நிக்கலன்னா நான் இனிமே ஊசி போட்டுக்க மாட்டேன், அவங்க என்ன செய்றாங்களோ செய்யட்டும்." தம்பியிடமே போய் இதைச் செய்துகொள்வதா என்று முதலில் அவளுக்கே கூச்சம்தான். கூச்சத்தையெல்லாம் தாண்டி வந்துவிட்டவளாகத்தான் அவள் அன்றைக்கு என் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

நானும் சம்பந்தியும் ஒரே ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தோம் என்றால் அது நாள் பார்த்ததில்தான். பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். மூன்றாம் நாள் சஷ்டியில் விழுகிற மாதிரி முட்டை எடுக்கிற தேதி அமைந்தது, உன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. பிள்ளை வரத்துக்கு விரதம் இருக்கிற சஷ்டியிலேயே கரு உள்ளே போகிறது, இதைவிட என்ன வேண்டும்? சம்பந்தி முருகனுக்கு வேண்டிக்கொண்டார்கள். நம் தோட்டத்துக் கோயிலில் அதே நேரத்துக்குப் பாலாபிஷேகம் என்று உன் அப்பா ஏற்பாடு செய்தார். லயம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. படித்த நீ இதற்குச் சிரிப்பாய் என்று தெரிந்துதான் உன்னிடம் முன்கூட்டியே சொல்லவில்லை. நாள் பார்த்தது தப்பு என்று இப்போதும் நான் எழுத மாட்டேன், எதிர்பார்க்காதே. ஆஸ்திரேலியாவுக்கு நீ ஏறுகிற நாளைக்கூட நான் பார்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

சஷ்டி காலையில் நாங்கள் எல்லாரும் உன் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். வசந்தா ஆஸ்பத்திரி உடுப்பைப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தாள். சம்பந்தி கையில் திருநீற்றுப் பொட்டலமும் எலுமிச்சம்பழமும். நீ லேப்பிலிருந்து, தலையில் அந்தப் பச்சைத் தொப்பியோடு, டாக்டரம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாய். "அக்கா, இன்னைக்கு வேணாம். இன்னும் ரெண்டு நாள் விட்டுப் பாக்கலாம்னு நான் நெனைக்கிறேன்" என்றாய். டாக்டரம்மா சீனத்தி, ஆனால் நம் முகத்தைப் பார்த்தே பாதி புரிந்துகொள்கிற மனுஷி. ஐந்தாம் நாள் வரை விடுகிற முறை இங்கே புதிது, இரண்டு வழியும் உண்டு, முடிவு உங்களுடையது என்று மலாயில் பொறுமையாகச் சொன்னார். அக்காள் விஷயம் என்பதால் முடிவை என் கையில் கொடுக்காதீர்கள் என்று நீ அவரிடம் முன்பே கேட்டுக்கொண்டாய் என்றும் அவர்தான் சொன்னார். சம்பந்திக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "ரெண்டு நாளா? தம்பி, ரெண்டு நாளு போனா அஷ்டமி! அஷ்டமியில யாரும் ஒரு செடிகூட நட மாட்டாங்களே!" என்று எழுந்து நின்றுவிட்டார்கள்.

நீ அவர்களுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். நின்றுகொண்டு பேசவில்லை, அதை நான் கவனித்தேன். "அத்தை, இதுவரைக்கும் கரு அம்மா கட்டிக் குடுத்த கட்டுச்சோத்துலதான் வண்டி ஓட்டுது. முட்டையோட வந்த சோறு. மூணாம் நாளோட அது தீந்து போவும். இனிமேதான் அது தானே அடுப்ப மூட்டி சமைக்கணும். எதுக்குச் சமைக்கத் தெரியும், எதுக்குத் தெரியாதுன்னு இன்னைக்குப் பாத்தா ஒண்ணும் சொல்ல முடியாது. எல்லாமே ஒரே மாதிரி அழகா இருக்கு. போன தடவைங்கள்லயும் அழகா இருந்ததத்தான் வச்சாங்க, தங்கல. முன்னாடியெல்லாம் மூணு நாளுக்கு மேல வெளிய வச்சிருக்க சரியான சத்து நம்மகிட்ட இல்ல. இப்ப இருக்கு. இன்னைக்கு அதுங்களுக்கு வேற சாப்பாட்ட மாத்திக் குடுத்து அஞ்சாம் நாளு வரைக்கும் விட்டா, முடியாதது இங்கயே ஓஞ்சிரும். மிச்சத்துல நல்லதாப் பாத்து வைக்கலாம்" என்றாய். பல்கலைக்கழகத்தில் படித்ததை ஒரு சொல் குறையாமல் கட்டுச்சோற்றில் வைத்துச் சொன்னாயே, அங்கேயே எனக்கு மார்பு விம்மிவிட்டது. மணியம் அன்றைக்கு அதிசயமாக வாயைத் திறந்தார். "ஒண்ணுமே மிஞ்சலன்னா, மச்சான்?" நீ அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாய்: "மிஞ்சாமலும் போவலாம். அப்ப வைக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது. அக்கா வெறுங்கையோடதான் வீட்டுக்குப் போவணும். அதை மறைச்சு நான் பேசல."

அந்த இடத்தில் என் வாய் சும்மா இருந்திருக்கலாம். உன் பக்கம் பேசுகிறேன் என்று, "ஏன் சம்பந்தி, கண்ணன் பொறந்ததே அஷ்டமியிலதானே?" என்று கேட்டுவைத்தேன். சம்பந்தி லேசுப்பட்டவர்களா? "ஆமா, பொறந்தான். அந்தக் கண்ணனோட தாய்மாமன் யாருன்னு மறந்துட்டீங்களா?" என்றார்கள். கம்சனை உன்னோடு சேர்த்து வைத்துப் பேசிவிட்டார்களே என்று எனக்குத் தலைக்கு ஏறியது. கெமாஸ் வரைக்கும் கேட்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். நீதான் முந்திக்கொண்டாய், அதுவும் சிரித்துக்கொண்டு. "அந்தக் கதையில சாவுறது தாய்மாமன்தானே அத்தை, புள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே. எனக்கு அது போதும்" என்றாய். வாயைக் கழுவுடா என்று நான் உன் தோளில் அடித்தேன். அப்போதுதான் வசந்தா பேசினாள். "யாராச்சும் என்னையக் கேட்டீங்களா?" என்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். உண்மைதான், ஒருத்தர்கூட அவளைக் கேட்கவில்லை. "ரெண்டு தடவையும் நல்ல நாளு பாத்துத்தான் வச்சோம் அத்தை. இது என் வயிறு. அஞ்சாம் நாளே வைங்க. ஒண்ணும் இல்லாமப் போச்சுன்னா நான் யாரையும் நோக மாட்டேன், தம்பியையும் நோக மாட்டேன்." சொல்லிவிட்டு உடுப்பை மாற்றிக்கொள்ள எழுந்து போனாள். என் வயிற்றில் பிறந்தது இரண்டும் இப்படி நிமிர்ந்து நிற்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

தோட்டத்துக்குச் சொல்ல வேண்டுமே என்று தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி ஆபீசுக்குப் போன் போட்டு உன் அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னதும் மனுஷன் பதறிப்போய், "அபிஷேகம் முடிஞ்சு சக்கரப் பொங்கலும் குடுத்தாச்சே!" என்றார். "அப்ப திருப்பி வாங்குங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன். சிரிப்பு வருகிறது இப்போது. அன்றைக்கு வரவில்லை. செந்தூலில் உன் வாடகை வீட்டில் அந்த இரண்டு நாளும் நாங்கள் அடைந்து கிடந்தோம். சம்பந்தி என்னோடு பேசவில்லை, ஆனால் சமையலை மட்டும் என்னிடம் விடாமல் தாங்களே செய்தார்கள். வசந்தா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒரே பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ வேலை முடிந்து வந்தால் எல்லார் தலையும் வாசலுக்குத் திரும்பும். "இன்னைக்குப் பெட்டியத் தொறக்கல. சும்மா சும்மா தொறந்தா சூடு போயிரும்" என்பாய். கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, பந்து விளையாட்டு பார்ப்பாய். எனக்கு உன் மேல் ஆத்திரமாகக்கூட வந்தது. கூடப் பிறந்தவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இவன் கல்லுப் பிள்ளையார் மாதிரி டிவி பார்க்கிறானே என்று மனசுக்குள் திட்டினேன்.

ஐந்தாம் நாள் காலையில் மறுபடியும் அதே வராந்தா. நீ உள்ளே போய் வெகுநேரம் ஆகிவிட்டது. கதவு திறந்தது, நீ வெளியே வந்தாய், எங்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தாய், பிறகு எங்களைத் தாண்டிக்கொண்டு எதிர் அறைக்குள் போய்விட்டாய். வசந்தா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உள்ளே அழுந்திவிட்டது. ஒன்றும் மிஞ்சவில்லை, சொல்ல முகம் இல்லாமல் ஓடுகிறான் என்றுதான் நான் நினைத்தேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று எழுந்து போனேன். கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியே பார்த்தேன். உள்ளே ஒரு மலாய்க்காரப் பெண், வசந்தா வயசுதான் இருக்கும், பக்கத்தில் அவள் புருஷன். நீ அவள் எதிரே தரையில் குந்தி உட்கார்ந்திருந்தாய். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாய். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நீ எழுந்து போகவில்லை. அவள் புருஷன் உன் தோளில் கை வைத்திருந்தான். ஆறுதல் யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. நாலு கேள்வியையும் கேட்காமலே திரும்பி வந்து வசந்தா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பிறகுதான் தெரிந்தது, அவளுக்கும் வசந்தாவோடு அதே நாளில்தான் முட்டை எடுத்திருந்தார்கள். அவளும் ஐந்தாம் நாள் வரை பொறுத்தாள். அவளுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதை நீ முதலில் போய்ச் சொன்னாய். எங்களிடம் நல்ல சேதி இருந்தும் சொந்த அக்காளை வெளியே காக்க வைத்துவிட்டு, ஒன்றும் இல்லாதவளிடம் முதலில் போனாய். சேகரு, அக்காளுக்குப் பிள்ளை கொடுத்தான் என்று லயத்தில் எல்லாரும் உன்னைப் புகழ்கிறார்கள். நான் பெருமைப்படுவது அதற்கு முன்னால் நடந்த இந்த அரை மணி நேரத்துக்கு. மூன்றாம் நாளே வைத்திருந்தால் அந்தப் பெண்ணுக்குத் தங்கியிருக்குமோ என்று பின்னாளில் உன்னைக் கேட்டேன். "தட்டுல ஓஞ்சது உள்ள போனாலும் ஓஞ்சுதான் போயிருக்கும்னு படிச்சிருக்கோம்மா. ஆனா சத்தியம் பண்ணிச் சொல்ல என்னால முடியாது" என்றாய். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற இந்தப் பழக்கத்தை மட்டும் எங்கே போனாலும் விட்டுவிடாதே. பெரிய பெரிய ஆட்கள் அங்கே உன்னைச் சுற்றி இருப்பார்கள், அவர்கள் நடுவில் அப்படிச் சொல்வது சங்கடமாகத்தான் இருக்கும், இருந்தாலும் சொல்.

எங்களிடம் வந்தபோதும் நீ தேன் தடவிச் சொல்லவில்லை. "பாதிக்கு மேல ஓஞ்சு போச்சுக்கா. ரெண்டுதான் இருக்கு. ஒண்ணு ரொம்ப நல்லா இருக்கு, இன்னொண்ணு பின்தங்கிருச்சு" என்றாய். உள்ளே கூட்டிப் போய் டிவியில் காட்டினாய். உருண்டையாக, நடுவில் நீர் கோத்து, உள்ளே ஒரு ஓரமாக ஏதோ திரண்டிருந்தது. அந்தத் திரண்டதுதான் பிள்ளையாகப் போகிறது, சுற்றி இருப்பது நஞ்சுக்கொடியாகும் என்று விளக்கினாய். சம்பந்தி கிட்டே போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இதுல மூக்கு எங்க இருக்கு, தம்பி?" என்றார்கள். வசந்தா சிரித்துவிட்டாள். எத்தனையோ மாதம் கழித்து அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டையும் மெல்லிய குழாயில் எடுத்துக் கொடுத்தாய், டாக்டரம்மா உள்ளே வைத்தார். அஷ்டமியும் அது பாட்டுக்குப் போனது. முதல் ரத்தப் பரிசோதனையின் பதில் வந்த அன்றைக்கு போனை எடுத்தது சம்பந்தி. போனைக் கீழே வைக்காமலே அங்கேயே உட்கார்ந்து முருகா முருகா என்று அழுதார்களாம், மணியம் சொன்னார். இரண்டில் ஒன்று தங்கியது. பெண் குழந்தை பிறந்தது. ஷண்முகப்பிரியா என்று பேர் வைத்தது சம்பந்திதான். "நாளுதான் தவறிப்போச்சு, பேராச்சும் முருகன் பேரா இருக்கட்டும்" என்றார்கள். அந்த அம்மாளோடு எனக்கு இப்போது சண்டையே வருவதில்லை, கொஞ்சம் போர் அடிக்கிறது.

உனக்குச் சொல்ல இன்னும் சில்லறைப் புத்திமதிகள் இருக்கின்றன, ஓடிப்போய்ச் சொல்லிவிடுகிறேன். ரொட்டியைத் தின்றே காலத்தைத் தள்ளாதே, அரிசி எங்கே விற்கிறது என்று முதல் வாரத்திலேயே கண்டுபிடி. கூட வேலை செய்கிறவர்களில் ஒருத்தர் வீட்டுக்காவது போய்ச் சாப்பிடு, அவர்களையும் கூப்பிட்டுச் சமைத்துப் போடு. யாரையாவது பிடித்துப்போனால் எங்களிடம் சொல்லிவிட்டுக் கட்டிக்கொள், கட்டிக்கொண்டு சொல்லாதே. வெள்ளைக்காரியாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, உன் அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். லேப்பில் எந்தப் பெண்ணின் கருவும் உனக்கு நம்பர் ஆகிவிடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் வெளியே ஒரு வராந்தா இருக்கிறது, அங்கே ஒருத்தி வளையல் அழுந்த யார் கையையோ பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

போன மாதம் நம் கோயிலில் பாப்பாவுக்குக் காது குத்தினோமே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. மற்றதெல்லாம் அதற்குள் போக நான் சுற்றின சுற்று. தாய்மாமன் மடியில்தான் குத்த வேண்டும் என்று உன்னை வேட்டி கட்டி மணையில் உட்கார வைத்தார்கள். சம்பந்தி பாப்பாவைக் கொண்டுவந்து உன் மடியில் வைத்தார்கள். உன் கை நடுங்கியது. கொஞ்சமாக இல்லை, எல்லாரும் பார்க்கிற மாதிரி. "அம்மா, பிடிங்கம்மா, கீழ போட்டுருவேன்" என்றாய். கண்ணுக்கே தெரியாத அளவில் அவளைக் குழாயில் எடுத்துக் கொடுத்தவன், கனமாக, கொழுகொழு என்று மடியில் இருக்கிறவளைப் பிடிக்கப் பயந்தாய். நான் குனிந்து என்னடா என்று கேட்டேன். "அந்த ரெண்டு நாளும் பெட்டிக் கதவத் தொடவே பயமா இருந்திச்சும்மா. அக்காவுக்குக் கடைசியா இருந்ததையும் நானே பாழாக்கிட்டேனோன்னு. சோறே எறங்கல. நீங்க பாக்குறீங்கன்னு சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதுவிட்டாய். அத்தனை சனம், மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். பாப்பா உன் முகத்தையே வேடிக்கை பார்த்தாள். பத்தர் ஊசியை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தார். உன்னைக் கம்சன் என்று சொன்ன அதே சம்பந்தி அவர் கையைத் தடுத்து, "இருங்க பத்தரே. தாய்மாமன் அழுது முடிக்கட்டும்" என்றார்கள்.

கல் மாதிரி இருக்கிறானே என்று உன்னைத் திட்டினேனே, அந்த இரண்டு நாளும் நீ எனக்காகச் சாப்பிட்டிருக்கிறாய். அவ்வளவு பயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு, எங்கள் ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்து உண்மையைச் சொல்லியிருக்கிறாய். வேலைக்குப் போகிற இடத்தில் அப்படியே நில், ஐயா. உன்னை நம்பி வருகிறவர்களுக்கு அது வேண்டும். ஆனால் பயம் வருகிற நாளில் எனக்கு ஒரு போன் போடு. விஷயம் என்ன என்றுகூடச் சொல்ல வேண்டாம். அவர்கள் எதிரில் நேராக நின்று பேசு, என்னிடம் நடுங்கிக்கொண்டே பேசு.

அம்மா